லோரி நின்ற நேரம்

தொண்ணூறுகளின் கடைசியில், பல்கலைக்கழகத்தில் எனக்கு இறுதி ஆண்டு. ஆய்வேடு எழுத வேண்டும். 'இணையத் தொழில்நுட்பம் அன்றாட வாழ்க்கையை எப்படி மேம்படுத்தும்' என்று ஒரு தலைப்பை எழுதிக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் சீனப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். தாளைப் பார்த்துவிட்டு, "யாருடைய வாழ்க்கை?" என்று கேட்டார். நான் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"முதலில் ஒரு ஆளைப் பிடி. அவருக்கு எங்கே நேரம் வீணாகிறது என்று பார். இணையத்தால் அதைக் குறைக்க முடிந்தால் அதுதான் ஆய்வு" என்றார்.

ஆளைத் தேடி நான் எங்கும் அலையவில்லை. அப்பா கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, பெட்டாலிங் ஜெயாவில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் சரக்கை ஏற்றிக்கொண்டு போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்குப் போவார். ஒரு நாளைக்கு இரண்டு நடை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே, "இன்னைக்கும் மூணு மணி நேரம் காக்கப் போட்டுட்டானுங்க" என்பார். எதற்காகப் போட்டார்கள் என்று அதுவரை நான் கேட்டதில்லை.

விடுமுறையில் இரண்டு வாரம் அவரோடு லோரியில் போனேன். "பொம்பளப் பிள்ள எதுக்கு லோரியில?" என்று அம்மா முனகினாள். அப்பா பக்கத்து இருக்கையில் கிடந்த பழைய துண்டுகளை எடுத்துப் பின்னால் போட்டு இடம் பண்ணிக் கொடுத்தார்.

தாமதத்துக்குக் காரணம் மிகச் சாதாரணமானது. சரக்கின் விவரங்கள் அடங்கிய காகிதத்தைத் தொழிற்சாலையில் அப்பாவின் கையில்தான் கொடுத்தார்கள். அவர் அதைத் துறைமுகத்துக்கு வெளியே இருந்த அவருடைய முதலாளியின் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். அங்கே எழுத்தராக இருந்த கிராணி அக்கா அதைப் பார்த்து சுங்கப் பாரம் என்ற படிவத்தைத் தட்டச்சு செய்து, எதிரே இருந்த சுங்கக் கவுண்டரில் முத்திரை வாங்கி வருவார். அதுவரை லோரி சாலையோரம் நிற்கும். முன்னாலும் பின்னாலும் அதே போல இருபது முப்பது லோரிகள்.

நான் நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். வந்து நின்ற நேரம், புறப்பட்ட நேரம், நடுவில் 'வீணான நேரம்'. அந்த வீணான நேரத்தில் அப்பா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார், கதவைத் திறந்து வைத்து இருக்கையில் கால் நீட்டுவார், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவர் வந்து கதவைத் தட்டுவார். "அண்ணே, ஜாலான்லா" என்று நகரச் சொல்வார். அப்பா எழுந்து பத்தடி ஓட்டிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்வார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் யோசனை எளிமையானது. தொழிற்சாலை அந்த விவரங்களைக் காலையிலேயே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால், லோரி வந்து சேரும்போது பாரம் முத்திரையோடு தயாராக இருக்கும். முதலாளியிடம் போய் மலாயில் விளக்கினேன். காசு கேட்காமல் ஒரு பெண் வேலை செய்துதர வருகிறாள் என்றதும் சரி என்றார். அலுவலகத்தில் இருந்த கணினியோடு மோடத்தை இணைத்து, கிராணி அக்காவுக்கு மின்னஞ்சல் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே தொலைபேசி இணைப்பு. யாராவது ரிசீவரைத் தூக்கினால் இணையம் அறுந்துபோகும். "போன எடுக்காதீங்க, மெயில் வருது" என்று அக்கா நாள் முழுவதும் கத்திக்கொண்டிருந்தார். தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் அலைந்து அலைந்து எனக்கும் அலுத்துப்போயிற்று. ஆனாலும் மூன்றாவது வாரத்தில் அப்பாவின் லோரி வந்த வேகத்திலேயே துறைமுகத்துக்கு உள்ளே போனது.

ஆய்வேட்டுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. மேற்பார்வையாளர் கைகுலுக்கினார். முதலாளி ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார், எல்லா லோரிகளுக்கும் அதே முறையைக் கொண்டுவந்தார். அடுத்த மாதமே ஓட்டுநர்களுக்கு இரண்டு நடை மூன்றாகிவிட்டது.

முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் வேலை கிடைத்து, நானும் காலையில் போய் இருட்டியபிறகு வருகிறவளாகிவிட்டேன். அப்பா மூன்று மணி நேரத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார். வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. சோற்றில் கை வைத்தபடியே அவர் கண் மூடியிருப்பதை ஒருநாள் பார்த்தேன்.

"அப்பா, மத்தியானம் எங்க சாப்பிடுறீங்க?"

"ஓட்டிக்கிட்டேதாம்மா. ரொட்டி வாங்கி வெச்சிக்குவேன்."

"தூங்குறதே இல்லையா?"

"எங்க நிப்பாட்டித் தூங்குறது? போனதும் கூப்புடுறானுங்க." அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

சில வாரங்களில் கூட்டரசு நெடுஞ்சாலையில் லோரி இரும்புத் தடுப்பில் உரசியது. யாருக்கும் ஒன்றும் இல்லை. பக்கக் கண்ணாடி மட்டும் பிய்ந்து போயிருந்தது. "கொஞ்சம் கண்ண அசந்துட்டேன்" என்றார் அப்பா. அம்மா அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனேன். ஓட்டுநர்களுக்கு மதியம் ஒரு மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து என் ஆய்வேட்டை எடுத்து, நான் போட்ட கட்டத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுக்கு என்ன பேரு நீயே எழுதியிருக்க, பாரு" என்று மலாயில் சொன்னார்.

பார்த்தேன். அப்பா தூங்கிய நேரமெல்லாம் என் வார்த்தையில் வீணான நேரமாக இருந்தது. நான் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். அவர் சிரித்தார். கடைசியில், வயதானவர் என்பதால் அப்பாவை மட்டும் லோரிகள் நிறுத்தும் யார்டுக்கு மாற்றுகிறேன் என்றார். மற்ற ஓட்டுநர்களைப் பற்றி அன்று நான் மறுபடி பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். வெளியே வரும்போது கிராணி அக்கா தலை நிமிரவில்லை. அவருக்கும் பாரங்கள் ஒன்றரை மடங்காகியிருந்தன.

அப்பா யார்டில் நின்று லோரிகளுக்குக் கை காட்டும் வேலைக்குப் போனார். நாள் முழுக்க வெயில், ஆனால் மதியத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டில் இருந்தபோது அவரிடம் சொன்னேன், "நான் உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்ப்பா. கேக்காமயே எழுதிட்டேன்."

அவர் மூலையில் இருந்த பாயை எடுத்தார்.

"கேட்டிருந்தாலும் நான் சீக்கிரமா உள்ள வுடணும்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "நிக்கிற நேரம்தான் ஓய்வுன்னு எனக்கே தெரியாதில்ல."

பிறகு கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். நான் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, வரும் வாரத்துக்கான என் சட்டைகளைத் தேய்க்க உட்கார்ந்தேன். ஐந்து சட்டைகள் இருந்தன. மூன்றாவதைத் தேய்க்கும்போது திரும்பிப் பார்த்தேன், அப்பா தூக்கம் வராமல் கண்ணைத் திறந்தபடிதான் படுத்திருந்தார்.