உடைந்த வால்வு ஸ்ப்ரிங்

வண்டி ஓடும்வரை எஞ்சின் திருத்தியவனை யாரும் நினைப்பதில்லை, தெருவில் நின்றால்தான் நம் பெயர் ஞாபகம் வரும். என்னைப்போல் கையில் கிறீஸ் அப்பிய மெக்கானிக் உங்களுக்கு இது தெரியாததா?

துடைத்துப் பூட்டியது

கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் கராஜ். வத்தளை அந்தோனி அண்ணன் வாடகை வேன் ஓட்டுபவர். கிழமைக்கு மூன்று நாள் அதே வேனில் மனைவியை டயலிசிஸுக்குக் கூட்டிப்போவார். அந்த வேனின் எஞ்சின் ஹெட்டை, வால்வுகள் இருக்கும் மேற்பாகத்தை, கழற்றி வேலை செய்தேன். திறக்கும் வால்வை மறுபடி மூடவைப்பது ஸ்ப்ரிங்தான். பழைய ஸ்ப்ரிங்குகளைத் துடைத்தேன், நல்லாகத்தான் தெரிந்தன. அப்படியே பூட்டிவிட்டேன்.

பத்தாம் நாள், டயலிசிஸுக்குப் போகும் வழியில் பேலியகொடைப் பக்கம் வரும்போது ஒரு ஸ்ப்ரிங் உடைந்து, வால்வு உள்ளே விழுந்து, எஞ்சின் நின்றுவிட்டது. அண்ணனின் மனைவி, அந்த அக்கா, வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருடைய முறை தவறிவிட்டது. மறுநாள்தான் மெஷின் கிடைத்தது.

வேனை இழுத்துவந்து கழற்றினோம். உடைந்த துண்டை அந்தோனி அண்ணன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது இதுதான்: "இவ்வளவு சின்னச் சாமானா தம்பி?"

பலீல் நானா பார்த்தது

பக்கத்து லேத் கடை பலீல் நானா பூதக்கண்ணாடியால் அந்தத் துண்டைப் பார்த்தார். கம்பியில் கடுகளவு துருப் பள்ளம். வெடிப்பு அங்கிருந்துதான் ஓடியிருந்தது. ஸ்ப்ரிங்கை அழுத்தி அளக்கும் கருவி இருந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

நானா தலையை ஆட்டினார். "அது ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கா எண்டு மட்டும்தான் சொல்லும் தம்பி. இந்தத் துருவ நீங்கதான் பாத்திருக்கணும்."

மூன்று நாள்

கருவியும் வாங்கினேன், பூதக்கண்ணாடியும் வாங்கினேன். ஒவ்வொரு ஸ்ப்ரிங்கையும் உயரம், சரிவு, அழுத்தம் என்று அளந்து, சுற்றுச் சுற்றாகப் பார்ப்பேன். ஒன்றில் துரு இருந்தாலும் முழு செட்டும் புதுசு. ஒரு நாள் வேலை மூன்று நாளாயிற்று.

வெள்ளவத்தையிலிருந்து கார் கொண்டுவந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, நீர் கார் திருத்துறீரா, வைரம் பாக்கிறீரா?"

திரும்பி வந்த வேன்

அந்த மழைக்காலத்தில் அக்கா இறந்துபோனார். அடக்கத்தன்று வீட்டு வாசல்வரை போய், உள்ளே போகத் தைரியமில்லாமல் திரும்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்தோனி அண்ணனே வேனைக் கொண்டுவந்தார். ஸ்கூல் பிள்ளைகள் ஏற்றப்போகிறாராம், அன்று முழு செட்டும் புதுசு போட்டிருந்தும் மறுபடி எல்லா ஸ்ப்ரிங்கையும் மாற்றச் சொன்னார். கேட்கக்கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்: "அண்ணே, அண்டைக்கு டயலிசிஸ் பிந்தினதாலயா அக்கா...?"

அவர் வேனின் கதவைப் பிடித்தபடி நின்றார். "டொக்டர் இருதயம் எண்டுதான் சொன்னார். நான் அதை நம்பப் பாக்கிறன். நீரும் நம்பப் பாரும்."

இப்போது வேலை பிந்துகிறது என்று என்னை ஏசாத வாடிக்கையாளர் கிடையாது. அந்த ஏச்சு விழுகிற நாளில்தான் எனக்கும் கொஞ்சம் தூக்கம் வருகிறது.