அருளம்பலமும் ஓகன் கடையும்

வந்தவர் முதலில் கதிரையில் இருக்க வேண்டும். நின்றுகொண்டிருப்பவருக்கு அருளம்பலம் ஒன்றும் சொல்லமாட்டார். மழைக்கு ஒதுங்கியவர், சைக்கிளுக்குக் காற்றடிக்கப் பம் கேட்டு வந்தவர், மேலே ஹெலி சுற்றுகிறதென்று பதறியடித்துக் கூரைக்குள் புகுந்தவர் எல்லாருக்கும் இதே சட்டந்தான். ஆள் இருந்ததும் தோளிலுள்ள துண்டால் ஓகனின் முகப்பை ஒருதரம் துடைப்பார். தொண்டையைச் செருமுவார்.

"முப்பத்தெட்டாம் ஆண்டு, தை மாசம் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை..."

இனி நாற்பது நிமிடத்துக்கு எழும்ப முடியாது.

அரியாலையில், கண்டி வீதிக்கு அருகில் இருக்கிறது அந்தக் கடை. செபநாயகம் என்பவர் பிரெஞ்சுக்காரச் சுவாமியார் ஒருவரிடம், கிறிஸ்தவக் கோவில்களில் வாசிக்கும் ஓகன் கட்டும் வேலை பழகி, அந்தத் தை மாதச் செவ்வாய்க்கிழமை அதைத் திறந்தார். வருகிறவர்கள் பார்த்து விரும்பட்டும் என்று ஒரு குழல் ஓகனைத் தானே கட்டி நடுவில் நிறுத்தினார். இருநூற்றுப் பன்னிரண்டு குழல்கள். பெரியது ஆளுயரம், சின்னது சுண்டுவிரல் அளவு. பின்புறத்தில் ஒருவர் கைபிடியை ஏற்றி இறக்கித் துருத்தியில் காற்றை நிரப்ப, முன்னால் ஒருவர் இருந்து வாசிக்க வேண்டும். அதைப் பார்த்து எல்லாரும் வியந்தார்கள். வியந்துவிட்டு ஆர்மோனியப் பெட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு கோவிலாவது குழல் ஓகன் கட்டித் தரும்படி கேட்கவில்லை.

ஐம்பத்தேழில், பத்தொன்பது வயதில், வாடிக்கையாளருக்கு ஓகனைக் காட்டி விளக்கும் வேலைக்கு வந்தவர் அருளம்பலம். எண்பத்துநான்கில் செபநாயகத்தின் மகன் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகும்போது கடைத் திறப்பை இவர் கையில் கொடுத்து, "பாத்துக்கொள்ளுங்கோ" என்றாராம். அந்த ஒரு சொல்லுக்காகத் தினமும் காலை எட்டரைக்குத் திருநீறு பூசி, வெள்ளைச் சேட்டும் சப்பாத்தும் போட்டுக் கடையைத் திறக்கிறார். விற்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அவருக்கு வாசிக்கவும் தெரியாது. பின்னால் ஓடித் துருத்தியை நிரப்புவார். முன்னால் ஓடிவந்து மூன்று கட்டைகளை ஒன்றாக அழுத்துவார். "இது புல்லாங்குழல் குரல். விளங்குதோ?" காற்று அடங்க, திரும்பவும் பின்னால் ஓடுவார். வாசிக்கத் தெரிந்தவர் யாராவது வந்தால், அவர் வாசித்து முடியும்வரை பின்னால் நின்று காற்றடிப்பது இவர் வேலை.

நான் இவரிடம் மாட்டியது தொண்ணூறில் மின்சாரம் போனதால். குருநகரில் எங்கள் கோவிலின் மின் ஓகனுக்கு அன்றைக்குத் துணி போட்டு மூடினோம். அதன்பிறகு எங்கள் பாடகர் குழாம் ஆளுக்கொரு சுருதியில் பாடியது. வாசிப்பவன் நான். மின்சாரம் தேவையில்லாத ஓகன் ஒன்று அரியாலையில் சும்மா நிற்கிறதென்று கேள்விப்பட்டு, இரவலாகக் கேட்கப் போனேன்.

"ஓம், தரலாம். முதல் இருங்கோ மாஸ்டர்" என்றார்.

ஏழுதரம் போனேன். ஏழுதரமும் இருந்தேன். கடைசியில், கனடாவிலிருக்கும் செபநாயகத்தின் மகன் எழுத வேண்டும் என்றார். எழுதினோம். எங்கள் கடிதம் கிளாலிக் கடல் தாண்டிப் போய் பதில் வர நாலு மாதம். 'கோவிலுக்கே கொடுத்துவிடுங்கள்' என்று வந்தது. அதை இரண்டுதரம் வாசித்தார்.

"உது அவரின்ரை கையெழுத்துத்தானோ?"

மேசை லாச்சியைத் திறந்து பழைய கடிதமொன்றை எடுத்து, யன்னலடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

ஓகனை ஏற்றப் போன நாளில், மாட்டுவண்டிக்காரனைத் தவிர எல்லாரும் இருந்து கதை கேட்க வேண்டும் என்றார். பங்குச் சுவாமியார் இருந்தார். தூக்குவதற்கு வந்த கடற்றொழிலாளி சந்தியோகு இருந்தபடியே நித்திரையானார். நடுவில் குண்டுவீச்சு விமானம் இரைந்துகொண்டு வர, எல்லாரும் நிலத்தில் குப்புறப் படுத்தோம். அது எங்கேயோ போய்க் கொட்டிவிட்டுத் திரும்பியது. நாங்கள் தூசியைத் தட்டிக்கொண்டு எழும்ப, "நாப்பத்தாறாம் ஆண்டிலை நிண்டனாங்கள் என்ன?" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

பிறகு ஒவ்வொரு குழலையும் பழஞ்சேலைத் துண்டில் சுற்றி இலக்கம் எழுதினார். வண்டியில் ஒரு கையை வைத்தபடி குருநகர்வரை நடந்தே வந்தார். பீடத்துக்குப் பக்கத்தில் பூட்டி முடிக்க மூன்று நாள்.

அத்தோடு விட்டாரா? பூசைக்கும் வந்தார். பிரசங்க நேரத்தில் பக்கத்து வாங்குப்பலகையில் இருந்த செபஸ்தியம்மாவிடம், "உந்தப் பெரிய குழல் இருக்கெல்லே, அது..." என்று தொடங்கிவிட்டார். சுவாமியார் பிரசங்கத்தை நிறுத்திப் பார்த்தார். பூசை முடிந்ததும் அருளம்பலத்தை அழைத்து, "ஐயா, கன உதவி. இனி நாங்கள் பாப்பம். நீங்கள் மினக்கெட வேண்டாம்" என்றார்.

"ஓம்" என்றார் அருளம்பலம். அவர் ஒரே சொல்லில் பேசி முடித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். வெயிலில் தனியே நடந்து போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

அடுத்த ஞாயிறு காற்றடிக்க நின்றவர் சந்தியோகு. கடலில் வலை இழுக்கும் கை. தம் கட்டி இழுத்தார். இரண்டாம் பாட்டில் 'டர்ர்' என்றொரு சத்தம். துருத்தியின் மடிப்பு ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது.

திங்கள் காலை அரியாலைக்குப் போனேன். கடை திறந்திருந்தது. வெறும் அறை. ஓகன் நின்ற இடம் மட்டும் சீமெந்து நிறம் மாறிச் சதுரமாகத் தெரிந்தது. அதைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்தார், சப்பாத்தோடு. கதிரையைக் காட்டினார். இருந்தேன்.

"துருத்தி கிழிஞ்சு போச்சு, ஐயா."

"ஈயக்குண்டு கோட்டுக்கு வந்த பிறகும் அடிச்சிருக்கிறியள்."

"எந்த ஈயக்குண்டு?"

"கைபிடிக்குப் பக்கத்திலை நூலிலை தொங்குது. காத்து நிரம்ப அது கீழை இறங்கும். கோட்டைத் தொட்டால் நிப்பாட்ட வேணும். முப்பத்திரண்டாவது நிமிசத்திலை சொன்னனான்."

நான் கதிரை நுனிக்கு வந்தேன்.

"இப்ப வந்து பாக்கேலாதோ, ஐயா?"

"என்னை வர வேண்டாமெண்டவர் வந்து கூப்பிடட்டும்."

செவ்வாய்க்கிழமை சுவாமியார் என்னையும் கூட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார். அவரையும் இருத்தி, வெறும் சதுரத்தைக் காட்டிக் காட்டி முழுக்கதையும் சொன்னார் அருளம்பலம். சுவாமியார் ஒருதரமும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. முடிந்ததும், "அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"அதை விடுங்கோ சுவாமி. தோல் இருக்கோ?"

பொருளாதாரத் தடை இறுகியிருந்த காலம். மெல்லிய தோல் எந்தக் கடையிலும் இல்லை. அருளம்பலத்தின் கண் என் மடியில் வந்து நின்றது. கலியாணம் முடித்த புதிதில் மனைவி அருமைநாயகி கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்த பை அது. பதினைந்து வருடம் அதில்தான் பள்ளிக்கூடக் கொப்பிகளைக் காவினேன்.

"மாஸ்டர், உது ஆட்டுத்தோல்தானே?"

சுவாமியாரும் பையைப் பார்த்தார். இனி என்ன சொல்வது? அன்று பின்னேரமே கோவிலில் வைத்து அருளம்பலம் அதை நீளத்தில் கீறிவிட்டார். இப்போது கொப்பிகளை ஓலை உமலில் கொண்டுபோகிறேன். வகுப்பில் சிரிக்கிறார்கள். வீட்டில் சிரிப்பு இல்லை.

துருத்தியில் ஒட்டிய தோலை மூன்று நாள் காயவிட்டு, ஞாயிறு பூசைக்கு அருளம்பலம் தானே காற்றடிக்க வந்து நின்றார். யாரும் மறுக்கவில்லை. சந்தியோகு தள்ளி நின்று ஈயக்குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டைத் தொடங்கினேன். மூன்று வருடமாகச் சுருதி தேடி அலைந்த எங்கள் ஆட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு குழல்களின் சுருதிமேல் ஏறி நின்று பாடினார்கள். பாடகர் குழாத்து லூர்த்தம்மா கண்ணைத் துடைப்பது தெரிந்தது. இவ்வளவு மினக்கெட்டதற்கும் பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே மூன்றாம் அடியில் கையை வைத்தேன்.

ஓகனின் குரல் சரிந்தது. குழல்கள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின. பாட்டும் நின்றது. என்ரை பை போச்சு, திரும்பவும் கிழிஞ்சு போச்சு என்றுதான் முதலில் ஓடியது. எட்டிப் பின்னால் பார்த்தேன். துருத்தி கிழியவில்லை. கைபிடியில் ஆளில்லை. சந்தியோகு வாயைப் பிளந்தபடி கோவிலுக்குள் கையைக் காட்டினார்.

வாங்குகளுக்கு நடுவே, நடைபாதையில், பீடத்துக்கு இருபதடி தள்ளி அருளம்பலம் நின்றார். கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஓகனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழிலிருந்து முழுப்பாட்டு வாசிக்கப்பட்ட வேளையெல்லாம் அவர் பின்னாலேயே நின்றிருக்கிறார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு ஓடவில்லை. கோபம்தான் வந்தது.

"ஐயா!" என்றேன், பூசை நேரம் என்பதையும் மறந்து.

கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார், குழப்படி செய்தவன் நான் என்பதுபோல. பிறகு முதுகிலிருந்து வலது கையை எடுத்து, நிறுத்தாமல் வாசியுங்கோ என்று எனக்குச் சைகை காட்டினார்.