நகராத புள்ளி

அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியக்கா என்றுதான் பெயர். விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கி அனுப்புகிற சூரியப் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்து, எது சூரியனில் உள்ள கரும்புள்ளி, எது கேமராவில் ஒட்டிய அழுக்கு என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் கரும்புள்ளி நாளுக்கு நாள் கொஞ்சம் நகரும். அழுக்கு நகராது, கிடந்த இடத்திலேயே கிடக்கும். காதால் கேட்டால் சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சங்கதி.

கணவன் போன பிறகு ஒரே மகளை வளர்த்தது இந்த வேலைதான். மகளுக்கோ சூரியன் என்றாலே ஆகாது. "அதைப் பாக்குறதுல பாதியாவது என் மூஞ்சியப் பாத்திருக்கியாம்மா?" என்பாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு வேறு கவலை. "சூரியனையே பாத்துட்டிருந்தா கண்ணு அவிஞ்சிடப் போகுது." தான் பார்ப்பது வெறும் படம்தான் என்று எத்தனை தரம் சொன்னாலும் அந்த அம்மாள் காதில் ஏறாது.

ஒருநாள் படத்தின் நடுவில் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது. மறுநாளும் அதே இடம். வாரம் முழுக்க அது அசையவே இல்லை. சந்தேகமே இல்லை, அழுக்குதான் என்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேக்கா," என்றான் இன்ஜினியர்.

"உனக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு?"

அவன் சிரித்துவிட்டான். அவள் கண்ணைச் சந்தேகப்பட அங்கே யாருக்கும் மனம் வராது. எவர் கண்ணிலும் படாத புள்ளிகளை அவள் காட்டியிருக்கிறாள். மறுநாளே அவை கறுத்துப் பெருத்து அவள் மானத்தைக் காப்பாற்றியிருக்கின்றன. அதனால் மறுபேச்சில்லாமல், விண்வெளியில் இருக்கும் கேமராவை இங்கிருந்தே சூடேற்றி அழுக்கைப் போக்க ஏற்பாடாயிற்று. அது முடியும்வரை படம் வராது.

படம் நின்ற அன்று வெறும் சாம்பல் நிறத் திரை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். நடுவில் புள்ளி இருந்தது. சுவரைப் பார்த்தாள். சுவரிலும் இருந்தது. உள்ளங்கையை விரித்தாள், அதிலும். இத்தனை வருஷம் எது அழுக்கு, எது நிஜம் என்று ஊருக்கெல்லாம் பிரித்துச் சொன்னவளுக்குத் தன் கண்ணில் விழுந்தது மட்டும் தெரியாமல் போயிற்றே, பாவி!

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது. ஓரப் பார்வை நிற்கும். நடுவில் போனது போனதுதான். "சூரியனை நேரா பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஒருநாளும் இல்ல," என்றாள். அந்த நிலையிலும் பக்கத்து வீட்டுக்காரியை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்து இன்ஜினியருக்குப் போன் போட்டாள். "கேமராவுல ஒண்ணுமில்லப்பா. அழுக்கு என்கிட்டதான்." பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரும்வரை அழுதாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மகள் எதிரே உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா நேராகப் பார்த்தாள். மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளிதான் இருந்தது. முகத்தை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பினாள். அப்போதுதான் ஓரத்தில் மகளின் முகம் கொஞ்சம் தெரிந்தது.

மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பாத்தியா, இப்பக்கூட ஜன்னலப் பாக்குற. நான் பேசுறேன்ல, என் மூஞ்சியப் பாரும்மா."

"உன் மூஞ்சியத்தாண்டி பாக்குறேன்," என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பாமலே. "இனிமே இப்படித்தான் பாக்க முடியும்."