முந்தானையில் முடிந்த ரப்பர்

அத்திப்பட்டுப் பக்கம் ஒரு பசுமைக் குடிலில் தக்காளி பறிக்கிறேன். குடில் என்றதும் ஓலையைத் தேடாதீர்கள். இரும்புக் குழாய்மேல் பிளாஸ்டிக்கும் வலையும் போர்த்தியது. உள்ளே நுழைய இரண்டு கதவு. ஒன்றைச் சாத்தாமல் அடுத்ததைத் திறந்தால் சூப்பர்வைசர் கத்துவார்.

அத்தனை காவலையும் மீறி ஊசிப்புழு வந்துவிட்டது. அந்துப்பூச்சி முட்டை போடும், புழு இலைக்குள்ளேயே சுரங்கம் தோண்டும். அதைப் பிடிக்க வரிசைக்கு ஒரு பொறி வாங்கி வந்தார்கள். கூரைபோல மடித்த அட்டை, அடியில் பசைத்தாள், நடுவில் மொச்சைக்கொட்டை அளவு ரப்பர்.

"இந்த ரப்பர்ல பொட்டப்பூச்சியோட வாசன இருக்கு பாட்டிம்மா. ஆம்பளப்பூச்சி தேடி வந்து பசையில ஒட்டிக்கும். ஜோடி இல்லாட்டி முட்ட ஏது?" என்றார் சூப்பர்வைசர்.

முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. எங்கள் பக்கம் குழாயில் கேஸ் கசிந்தாலும், கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக் காற்று திரும்பினாலும் மூக்குதான் முதலில் சொல்லும். மூக்குக்கே தெரியாத வாசனையா?

"இன்னா நைனா, எவனோ உன்ன நல்லா டபாய்ச்சிக்கீறான். பென்சில் அழிக்கிற ரப்பரு இது."

"உனக்கு வாசன தெரிஞ்சா நீதான் ஆம்பளப்பூச்சி. கையுறை போட்டு மாட்டு."

எல்லா வரிசைக்கும் நானே மாட்டினேன். நாலாம் வரிசைக்கு மட்டும் வெறும் அட்டை. அந்த ரப்பரை என் தம்பியிடம் காட்டலாம் என்று முந்தானையில் முடிந்துகொண்டேன். அவன் பூச்சிமருந்துக் கடையில் வேலை செய்கிறான். ஆனால் சாயங்காலம் வேலைப் புடவையைக் குடில் மூலையில் சாக்கு மறைப்புக்குப் பின்னால் மாட்டிவிட்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு கிளம்புவது என் வழக்கம். மறுநாளிலிருந்து வேலைக்கு வேறொரு பழைய புடவையைக் கட்டியதில் முடிச்சை மறந்தே போனேன்.

நாலாம் வரிசையைப் பார்த்துக்கொள்பவள் வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். நாலைந்து நாள் கழித்து, விடிந்ததும் விடியாததுமாக சூப்பர்வைசர் அவளைப் பிடித்துக்கொண்டார். மற்ற பொறிகளில் பூச்சி அப்பியிருக்க, அவள் பொறியில் பூச்சியும் இல்லை, ரப்பரும் இல்லை.

"எங்க வித்த? நாளையிலேர்ந்து வராத."

"இன்னா சார், அபாண்டமா பேசற? நான் அத்த தொடவேயில்ல!"

அப்போதுதான் முடிச்சு ஞாபகம் வந்தது. சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் வேலை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அவள் அழுதுகொண்டே பையை எடுக்க சாக்கு மறைப்புக்குப் பின்னால் போனாள்.

"ஆயா! உன் பொடவைய வந்து பாரு!"

முந்தானை முழுக்கச் சின்னச் சின்ன சாம்பல் பூச்சிகள். முடிச்சைச் சுற்றி மொய்த்துக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, சிறகு படபடக்க. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"இன்னா பண்றது நைனா, இந்த வயசுலயும் ஆம்பளைங்க தொல்ல தாங்கல," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. "நான்தான் எடுத்தேன். டுப்ளிகேட்டுன்னு நெனச்சிட்டேன். அவள சொன்னத வாபஸ் வாங்கு."

அவர் செடியைப் பார்த்துக்கொண்டே அவளிடம், "சரி, போய் வேலையப் பாரு," என்றார். என்னைத் துரத்தவில்லை. பறிப்புக்கு ஆள் பற்றாக்குறை, அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து தினமும் கிளம்பும்போது கதவருகே நின்று முந்தானையை உதறிக் காட்ட வேண்டும்.

அந்தப் புடவையை மூன்று தரம் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டேன். முகர்ந்தால் சோப்பு வாசனைதான். ஆனால் இருவரும் திரும்பும் பஸ்ஸில், நான் கட்டியிருக்கும் வேறு புடவையின் முந்தானை மேலே பட்டால்கூட அவள் இன்னும் நகர்ந்து உட்காருகிறாள். பூச்சிக்குப் பயந்தா, என் தொண்டைச் செருமலை நினைத்தா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.