இசொகாய் இடித்த தேநீர்த் தட்டு

தை மாதக் குளிரில் சுவா ஏரி உறைந்து நடுவே பிளந்துகொள்ளும். சாமி நடந்துபோன தடம் என்று ஊரில் கும்பிடுவார்கள். ஏரிக்கரைப் பம்பு கம்பெனிக்காரர்கள் மட்டும் அது இசொகாயின் குறட்டையால் வந்த விரிசல் என்பார்கள்.

இசொகாய் அங்கே உதவி மேலாளர். பள்ளிக்கூடம் முடித்த மறுநாளே சேர்ந்தவர். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக் கொடுத்ததும் கம்பெனி மேலாளர்தான். கூட்டம் என்றால் இசொகாய் கண்ணை மூடிக்கொள்வார். எல்லோரும் எழுந்து குனிந்து வணங்கும்போதுதான் திறப்பார். இந்த மனிதருக்கு எப்படிப் பதவி ஏறுகிறது என்று, கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுபோகும் கினுவேவுக்குப் புரிந்ததே இல்லை.

எண்ணெய் விலை வானத்துக்கு ஏறிய வருஷம், பம்பு வாங்க ஈ காக்கைகூட வரவில்லை. மூன்றாம் பட்டறையை மூடிவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. கினுவேயின் புருஷன் தொகுஜி அந்தப் பட்டறைக்காரன். அந்தக் கம்பெனியில் ஒருவனை எடுத்தால் முடி நரைத்த பிறகுதான் வெளியே விடுவார்கள். பாதியில் அனுப்பப்பட்டவன் தெருவில் எப்படித் தலைகாட்டுவான்? தொகுஜி சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

இசொகாயோ ஊர் சுற்றினார். ஒரு இயக்குநருக்கு வெந்நீர்க் குளத்தில் முதுகு தேய்த்துவிட்டார். இன்னொருவரோடு நூடுல்ஸ் உறிஞ்சினார். தொழிற்சங்கத் தலைவரோடு உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடித்தார்.

"கப்பல் முழுகுது, அவரு தூண்டி போடுறாரு" என்றான் தொகுஜி. கினுவேயும் தலையாட்டினாள்.

கூட்ட நாள் வந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள், இசொகாய் கண்ணை மூடினார். கினுவே தட்டோடு நுழைந்தாள். அவள் பின்னாலேயே ஹதகேயாமா கிழவர் வந்தார். கம்பெனியின் முன்னாள் தலைவர். இப்போது ஆலோசகர் என்று பேர், வேலை தேநீர் குடிப்பது. இலையுதிர்காலத்திலேயே தெற்கே மகள் வீட்டுக்குப் போனவர், சொல்லாமல் திரும்பியிருந்தார்.

இசொகாயின் கண் படக்கென்று திறந்தது. முகம் டோஃபு மாதிரி வெளுத்தது.

கினுவேவுக்கு அப்போதுதான் விளங்கியது. பெரிய மரத்தை இடம் மாற்றி நடுவதற்கு முன்னால் வேரைச் சுற்றி மெல்லத் தோண்டுவார்கள் இல்லையா, அந்த வேலையைத்தான் இந்த மனிதர் மாசம் முழுக்கச் செய்திருக்கிறார். பட்டறையைக் காப்பாற்ற ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி முடித்தாயிற்று. கூட்டம் தலையாட்டுவதற்கு மட்டும். கிழவரிடம்தான் யாரும் பேசவில்லை. அங்கே யோசனை மோசமாக இருக்கலாம், ஒருவரைக்கூடக் கேட்காமல் விட்டிருக்கக் கூடாது. காவல்காரரைக் கேட்கவில்லை என்பதற்காகப் புது வாசல் கதவே பெட்டியில் கிடந்து துருப்பிடித்த கம்பெனி அது. "இது என் காதுக்கு வரலையே" என்று கிழவர் முனகினால் போதும், மூன்றாம் பட்டறை காலி.

கிழவர் உட்கார்ந்ததும் அவள் தேநீர் வைக்கக் குனிந்தாள். இசொகாயின் முழங்கை தட்டில் இடித்தது. தேநீர் மொத்தமும் கிழவர் மடியில்.

புருஷன் வேலையோடு என் வேலையும் போச்சு என்று கினுவே உறைந்துபோனாள். இசொகாய் நெற்றி மேஜையில் முட்டக் குனிந்து மன்னிப்புக் கேட்டு, கிழவரைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப்போனார். கினுவே துண்டோடு ஓடிக் கதவுக்கு வெளியே நின்றாள்.

"வேணும்னேதான ஊத்துன?"

"ஆமாங்கய்யா."

"எதுக்குய்யா?"

"நீங்க ஊர்ல இல்லன்னு உங்ககிட்ட வராம இருந்துட்டேன். தப்பு என்னுது. பட்டறைக்காரங்களோடது இல்ல."

அப்புறம், கூட்டத்தில் வாயே திறக்காத மனிதர் பேசினார். பட்டறையை மூட வேண்டாம். ஆர்டர் வரும்வரை ஆட்களைக் கிராமம் கிராமமாக அனுப்பி, விற்ற பம்புகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கலாம். மேலே இருப்பவர்கள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். தொகுஜி உட்பட ஒவ்வொரு ஆளின் பேரையும் சொன்னார். கினுவே கதவோடு காதை ஒட்டிக்கொண்டாள்.

உள்ளே கிழவர் கால்சட்டையைப் பிழியும் சத்தம் கேட்டது.

"என் காலத்துல இதே வேலைக்கு நான் சூப்பைச் சூடா ஊத்தினேன்" என்றார் கிழவர். "தேநீர் தேவலை."

ஈரக் கால்சட்டையோடு கிழவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கம்பெனித் தலைவர் யோசனையைப் படித்தார். யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டார். எல்லாக் கண்களும் கிழவர் பக்கம்.

"இதெல்லாம் எனக்கு எப்பவோ தெரியுமே."

காற்றடித்த நெல்வயல் மாதிரி தலைகள் ஆடின. இசொகாய் அதற்குள் கண்ணை மூடியிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் கினுவே கோப்பைகளை அடுக்கினாள். இசொகாய் அவள் முன்னால் வந்து நின்று, இயக்குநர்களுக்குக் குனிவதைவிடத் தாழ்வாகக் குனிந்தார்.

"தட்டை இடிக்கப்போறேன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்கம்மா."

இமயமலையே இறங்கி வந்து வழி கேட்டதுபோல் இருந்தது அவளுக்கு. கையில் கோப்பைகளோடு அவளும் குனிந்தாள்.

தொகுஜி பம்பு பழுதுபார்க்க மலைக் கிராமத்துக்குப் போனான். அடுத்த கூட்டத்தில் இசொகாய் வழக்கம்போலக் குறட்டை விட்டார். கினுவே அவருடைய கோப்பையை மட்டும் பூ வைப்பதுபோல வைத்துவிட்டு, கால்விரல் நுனியில் நடந்து வெளியே வந்தாள்.