நான் விழுங்கிய இரண்டு வாக்கியங்கள்

பதினேழு வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதத்தை நான் பதினைந்து வாக்கியங்களாக மொழிபெயர்த்தேன். விட்ட இரண்டும் மறதியால் விட்டவை அல்ல. தெரிந்தே விட்டேன். அந்தக் கடிதம் என்மீது எழுதப்பட்ட புகார்.

இதைச் சொல்ல எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. சொல்லிவிட்டதால் நெஞ்சு லேசாகியிருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆகவில்லை... வாயில் ஏதோ அழுகியதை வைத்துக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கிறது, இப்போதும்.

நான் எதையும் எண்ணுகிறவன். மைசூர் விஜயநகரில் இப்போது குடியிருக்கும் வீட்டின் மாடிப்படிகள் பதினெட்டு. காலை நடையில் எதிர்ப்படும் நாய்கள் ஆறு; அவற்றில் ஒன்று மட்டும் என்னைப் பார்த்துக் குரைக்கும். என் மனைவி இதை வியாதி என்பாள். தொழில் பழக்கம் என்பேன் நான். மைசூரில் ஓர் அரசு நிலையத்தில் உளவியலாளனாக இருந்தேன். குழந்தைகளின் அறிவை எண்ணாக்கிக் கொடுப்பது என் வேலை.

என் தகப்பனார் ரயில்வே உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்தவர். எங்களுக்கு வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், தாளில் ஆங்கிலம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் குற்றம் முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

நாடு முழுவதிலும் உள்ள உளவியலாளர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. தலைமை அலுவலகம் தில்லியில். அதன் விதிகளைத் திருத்தி எழுதும் குழு ஒருமுறை மைசூரில், ஓர் ஓட்டலின் மேல்மாடியில், இரண்டு நாள் கூடியது. நாங்கள் பதினைந்து பேர். சங்கத்தின் நோக்கங்கள் என்று ஏழு எழுதினோம். துறையை வளர்ப்பது, படிப்புக்கும் பயிற்சிக்கும் தரம் வகுப்பது, ஆய்விதழ் நடத்துவது, தகுதியில்லாதவர்கள் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது... எண்ணிப் பாருங்கள், ஏழில் ஐந்து எங்களைப் பற்றியவை! ஆறாவது, புதிய சோதனைகளை ஆராய்ந்து ஏற்பது. கடைசியில், ஏழாவதாக, எங்களிடம் வரும் பொதுமக்களின் நலனைக் காப்பது.

ஏழாவதை முதலாவதாக வைக்க வேண்டும் என்று எழுந்து பேசியவன் நான். முறையிட வழியில்லாத ஒரு மனிதனின் குரல் நம் காதில் விழவில்லையென்றால் இந்தச் சங்கம் எதற்கு என்று கேட்டேன். பதினொரு நிமிடம் பேசினேன். வாக்கெடுப்பில் ஒன்பதுக்கு ஆறு. வென்றேன். மேசையைத் தட்டினார்கள்.

அந்தப் பதினொரு நிமிடங்களை இப்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்!

அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சோதனைச் சான்றிதழின் அடியிலும், 'குறை இருந்தால் சங்கச் செயலருக்கு எழுதலாம்' என்று முகவரியோடு அச்சிட வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தேன். அச்சிட்டார்கள். அந்த ஒரு வரிதான் பின்னால் என் வீட்டுக் கதவைத் தட்டிற்று.

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வைத்த மறு வருடம். நான் கன்னடத்தில் ஓர் அறிவுச் சோதனை தயாரித்திருந்தேன். முப்பது கேள்விகள். 'இம்மாநிலத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும்' என்று அட்டையில் போட்டிருந்தேன். அதை ஏற்பதா வேண்டாமா என்று பார்க்கச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து என் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் கன்னடம் தெரியாது, தமிழும் தெரியாது. கடிகாரத்தையும் என் பென்சிலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு வரிசையில் முதலில் நின்றவள் ருக்குமணி. ஒன்பது வயது. எல்லையோரத்துத் தமிழ்க் கிராமமான மார்டள்ளியிலிருந்து அவள் தகப்பன் மாதையன் கூட்டிவந்திருந்தார். கேழ்வரகும் மக்காச்சோளமும் விளைவிக்கிறவர். கொள்ளேகாலத்து விடுதிப் பள்ளியில் பெண்ணைச் சேர்த்திருந்தார். கன்னடத்தில் வாய் திறப்பதில்லை, மந்தம், மைசூரில் சோதித்துச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் வைத்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூடத்தார் சொல்லிவிட்டார்கள். என் கையெழுத்தைப் பொறுத்து அவள் படிப்பாள், அல்லது காட்டுக்குத் திரும்புவாள். அவ்வளவுதான் விஷயம்.

சோதனை தொடங்கியது. மாதையன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

நாய்க்கும் பசுவுக்கும் என்ன ஒற்றுமை என்று கன்னடத்தில் கேட்டேன். அவளுக்குக் கேள்வி புரிந்தது. கன்னடம் காதுக்குப் பழகியிருந்தது, நாக்குக்குத்தான் பழகவில்லை. பதிலைத் தமிழில் சொன்னாள்.

"ரெண்டும் ஈனியிருக்கறப்போ கிட்டப் போவ வுடாதுங்க."

என் கையேட்டில் இருந்த சரியான பதில், 'இரண்டும் விலங்குகள்' என்பது. அந்தக் கேள்விக்கு அதற்கு முன்னும் பின்னும் அவள் சொன்னதைப் போல ஒரு பதிலை நான் கேட்டதில்லை. ஆனால் கையேட்டின் விதி: சோதனை எந்த மொழியிலோ பதிலும் அந்த மொழியில் இருக்க வேண்டும். விதியை எழுதியவன் நான். சுழியம் போட்டேன்.

இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னேன். "இருவது, பத்தொம்போது, பதினெட்டு..." என்று ஒன்றுவரைக்கும் தப்பில்லாமல், மூச்சு வாங்காமல் எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எண்ணுவதையே பிழைப்பாகக் கொண்டவன் முன்னால் ஒரு குழந்தை எண்ணிக் காட்டியது! அதற்கும் சுழியம்.

நான் ஏன் பென்சிலைக் கீழே வைக்கவில்லை? 'இந்தக் குழந்தையைத் தமிழில் சோதிக்க வேண்டும்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் அட்டையில் இருந்த 'எல்லாக் குழந்தைகளுக்கும்' என்ற சொற்கள் பொய்யாகியிருக்கும். அந்த இருவர் முன்னால்... வேறு காரணம் எதுவுமில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அவள் தமிழில் சரியாகச் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தது. முடிவில் கன்னடக் கணக்கில் முப்பதுக்கு ஏழு, அவையும் விரலால் காட்டினால் போதும் என்ற படக் கேள்விகள். ஓரத்தில் பதினாறு புள்ளிகள். ஆக இருபத்துமூன்று. அந்த வருடம் நான் சோதித்த குழந்தைகளில் அதைவிட அதிகம் எடுத்தவர்கள் நாலே பேர்.

ரப்பர் எடுத்துப் பதினாறு புள்ளிகளையும் அழித்தேன். ஏழு என்று எழுதினேன். 'பள்ளிக் கல்வியால் பயனடைய இயலாதவள்' என்று சான்றிதழில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

வந்தவர்கள் என் கையைக் குலுக்கிவிட்டுக் வராந்தாவில் காப்பி குடிக்கப் போனார்கள். நானும் வெளியே வந்தேன். மாதையன் ஓடிவந்தார். முகமெல்லாம் வெளிச்சம். எங்கள் அட்டெண்டர் சித்தய்யா அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறான்.

"ஏனுங்க சாமி, நீங்களும் தமிழுங்களாமா? இந்த அண்ணன் சொல்றாருங்க! அப்ப எம்புள்ள சொன்னதெல்லாம் உங்களுக்கு வெளங்கியிருக்குமுங்களே! நான் பயந்தே போயிட்டனுங்க."

வந்த இருவரும் பத்தடி தூரத்தில் நின்றிருந்தார்கள்; 'தமிழ்' என்ற சொல் மட்டும் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

"நனகெ தமிழு பரல்ல" என்றேன்.

எனக்குத் தமிழ் வராது. மூன்றே சொற்கள். பெற்றவள் பேசிய மொழியை மூன்று சொற்களில் கைகழுவினேன்.

மாதையன் என் முகத்தையே பார்த்தார். பிறகு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "வா அம்முணி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று படியிறங்கிப் போனார்.

சித்தய்யாதான் விடவில்லை. "ஏன் சார், தினா சாப்பாட்டுக்கு உட்காந்தா 'உப்புக் கரிக்குது, உப்புக் கரிக்குது'ன்னு சொல்றீங்களே, அது ஏனு பாஷெ சார்?" என்று கேட்டுச் சிரித்தான். போடா என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன்.

சோதனையைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. மூன்று மாதம் கழித்துத் தில்லியிலிருந்து செயலர் ஒரு கனத்த உறை அனுப்பினார். 'தமிழில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. இங்கே படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. நம் உறுப்பினர்களில் தமிழர் என்று நினைத்தவுடன் உங்கள் பெயர்தான் வந்தது. மூலத்தோடு மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.'

மைசூரில் தமிழ் வராதவன், தில்லிக்குத் தமிழன்!

பிரித்தேன். மார்டள்ளியில் யாரோ கடைக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கோடு போட்ட தாள், நீல மை, கீழே மாதையனின் கட்டைவிரல் ரேகை. சான்றிதழின் அடியில் நான் அச்சிட வைத்த முகவரியைப் பார்த்து அனுப்பியிருக்கிறார். முறையிட வழியில்லாத மனிதன் என்று ஓட்டல் மாடியில் நான் முழங்கினேனே, அவர் முறையிட்டுவிட்டார். நான் சொன்ன வழியில், நான் சொன்ன முகவரிக்கு. அது சுற்றிக்கொண்டு என் மடியிலேயே வந்து விழுந்தது.

எண்ணினேன். பதினேழு வாக்கியங்கள். ஒன்பதாவதையும் பதின்மூன்றாவதையும் விழுங்கிவிட்டு மற்றவற்றை மிக ஒழுங்காக மொழிபெயர்த்தேன். என் பெயரைக்கூட மறைக்கவில்லை. கேளுங்கள், இதுதான் என் சாமர்த்தியம்! அந்த இரண்டும் இல்லாமல் படித்தால், கன்னடம் தெரியாத ஒரு குழந்தை கேள்வி புரியாமல் எதையோ உளறியது என்றுதான் தோன்றும். கேள்வி புரியாத குழந்தைக்குச் சோதனை செய்கிறவன் என்ன செய்ய முடியும்?

சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியது. என்மேல் குற்றமில்லை என்று ஒருமனதாக முடிவெடுத்தது. தலைவர் எனக்குத் தம் கைப்படக் கடிதம் எழுதினார். தன்மீது வந்த புகாரைத் தானே மொழிபெயர்த்து அனுப்பிய நேர்மைதான் நம் சங்கத்தின் உயிர் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு இரண்டாக மடித்தேன். ஆனால் கடிதத்தைக் கிழிக்கவில்லை. சட்டம் போட்டு மாட்டினேன்.

இன்னும் இருக்கிறது. இந்தப் புகாரை வைத்து, இனிக் குழந்தைகளை அவரவர் தாய்மொழியில்தான் சோதிக்க வேண்டும் என்று சங்கம் ஒரு நெறி வகுத்தது. அதை எழுதும் குழுவுக்குத் தலைவன் யார் தெரியுமா? நான்! அந்த நெறியால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருக்கும், நல்லதுதானே என்று நீங்கள் சொல்ல வருகிறீர்கள். சொல்லாதீர்கள். பதினெட்டு வருடமாக நானே எனக்குச் சொல்லிப் பார்த்துப் புளித்துப்போன சமாதானம் அது. குழுத் தலைவன் என்ற முறையில் ருக்குமணியை மறுபடி சோதிக்க ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் அவள் இருபத்துமூன்று வாங்குவாள். அப்போது ஏழு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே... எழுதவில்லை. மாதையனுக்குச் சங்கத்தின் முடிவு தபாலில் போயிற்று. ஆங்கிலத்தில்.

ஒருமுறை கொள்ளேகாலத்துப் பள்ளிக்குப் போனேன். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார். "அந்த ஹுடுகி, அந்தப் பொண்ணு பேரு அப்பவே எடுத்தாச்சு சார். சர்டிபிகேட் நீங்கதானே கொடுத்தீங்க?" என்றார். குரலில் குத்தல் எதுவுமில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

மார்டள்ளி பஸ் கொள்ளேகாலத்திலிருந்து புறப்படும். அந்த நிலையத்தில் மொத்தம் மூன்று முறை நின்றிருக்கிறேன். மூன்று முறையும் பஸ் போன பிறகு மைசூருக்குத் திரும்பினேன். அவளுக்கு இப்போது இருபத்தேழு வயது. என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் துணிவில்லை என்பதே சரி.

இத்தனை நாளும் ஒரு பயம் இருந்தது. மூலக்கடிதம் சங்கத்தின் கோப்பில் கிடந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அதைப் பிரித்தால் போதும், நான் தொலைந்தேன். பதினெட்டு வருடமாக யாரும் பிரிக்கவில்லை. பொதுமக்களின் நலனை முதல் நோக்கமாகக் கொண்ட சங்கம்!

போன மாதம் இப்போதைய செயலர் எழுதியிருந்தார். சங்கத்தின் சிறப்பு மலருக்கு, தாய்மொழி நெறி பிறந்த கதையை நான் எழுதித் தர வேண்டுமாம். பழைய கோப்புகளைக் கரையான் அரித்துவிட்டதால் என் நினைவைத்தான் நம்பியிருக்கிறார்களாம்.

கரையான் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மகிழ்ச்சி. எழுபது வயதில், பதினெட்டுப் படிகளையும் இரண்டிரண்டாகத் தாவி ஏறலாம் போன்ற மகிழ்ச்சி! அந்த மகிழ்ச்சியின் நாற்றம் தாங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த இரண்டு வாக்கியங்களும் இனி இந்த உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கின்றன. ஒன்பதாவது: 'எம் மகள் கேட்டதுக்கெல்லாம் தமிழில் பதில் சொன்னாள், நான் கதவோரம் நின்று என் காதால் கேட்டேன்.' பதின்மூன்றாவது: 'அந்த ஐயாவும் தமிழர்தான், ஆனால் தமிழ் வராது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.'

இதோ, சொல்லிவிட்டேன். ஆனால் கவனித்தீர்களா, இதை எந்த மொழியில் சொல்கிறேன் என்று? தில்லியில் அன்றும் இதைப் படிக்க ஆளில்லை. இன்றும் இல்லை.

மலருக்கான கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன். நான்கு பக்கம். அதிலும் அந்த இரண்டு வாக்கியங்கள் இல்லை.