அழுகையின் அழகு

சிரிக்கும்போது அழகா, அழும்போதா என்று ஒரு நடிகையைப் பற்றிப் பேரன்மார் தர்க்கிக்கிறார்கள். மகாராஜா காலத்தில், பாறசாலையில் என் அப்பாவும் மாமாவும் அந்தக் காலத்து நடிகை ஒருத்தியைப் பற்றி இதையேதான் தர்க்கித்தார்கள்.

"அத்தான், அவ சிரிச்சாத்தான் அழகு."

"போலே! அழுகையாக்கும் அழகு. கண்ணு நெறஞ்சும் மை கலையல, பாத்தியா?" என்றார் அப்பா.

படமே பார்த்திராத அம்மா மரச்சீனிக் கிழங்கு சீவுவதை நிறுத்தினாள். "நான் அழுதா மட்டும் மூக்கு வடியுதுன்னு சொல்லுவீங்க!"

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மறுவாரமே வண்டி கட்டி, எங்களை நெய்யாற்றின்கரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். நடிகை அழத் தொடங்கியதும் பெண்கள் பக்கம் முழுக்க இழவு வீடுபோல ஒப்பாரி எழுந்தது.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "அழகாத்தானே இருந்தா?"

"அதை யாரு பாத்தா?" என்றாள் அம்மா. "பாவம், ஏன் அழுறேன்னு கேக்க அவளுக்கு ஒரு ஆளு உண்டான்னாக்கும் நான் பாத்தேன்."

அத்தனை பேர் பார்க்க, அப்பா அம்மாவின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்.